எந்தக் குடும்பம் நடத்தும், மாப்ளே?

கொச்சி தேவராவுல இருந்து நீங்க அனுப்புன திட்டத்தைப் பேரன் வாட்ஸப்புல தொறந்து காமிச்சான், மாப்ளே. கண்ணாடியப் போட்டு ஒருதரம் பார்த்தேன், கழட்டிட்டு ஒருதரம் பார்த்தேன். ரெண்டு தரமும் அழகாத்தான் இருக்கு. கம்பம் பள்ளத்தாக்குல அஞ்சு ஏக்கர் திராட்சை. ரசாயனம் தொடாத வெள்ளாமை. அந்தப் பழத்துல சொந்த ஒயின். பந்தலுக்கு நடுவுல ஆறு விருந்தினர் அறை. காலையில பனி, சாயங்காலம் கையில கிளாஸ். அடியில கொட்டை எழுத்துல, 'ஒரு குடும்பம் நடத்தும் இயற்கை ஒயின் பண்ணை'. எல்லாம் சரி. எந்தக் குடும்பம்னு மட்டும் எழுதாம விட்டுட்டீக.

வெறும் அக்கா மகனா இருந்த காலமா இருந்தா 'டேய்'னு கூப்பிட்டு நாலு வார்த்தையில முடிச்சிருப்பேன். என் மகளைக் கட்டுன நாள்ல இருந்து வாங்க, போங்கன்னு மரியாதைக்குள்ள சுத்தித்தான் புத்தி சொல்ல வேண்டியிருக்கு. அதனால கொஞ்சம் நீளும். பொறுத்துக்கங்க.

உங்க ஆசையை நான் குத்தம் சொல்லல. சேக்ரட் ஹார்ட் காலேஜுக்குப் பக்கத்துல வீடு, கொல்லைக்குப் பின்னாடி தேவரா-பேரண்டூர் கால்வாய். அந்தக் கால்வாய்க் கொசு என்னைய விருந்தாளின்னும் பாக்காம கடிச்சதை நான் மறக்கல. அதுக்கிட்ட இருந்து தப்பிச்சு மலைக்காத்து வாங்கணும்னு நெனைக்கிறது நியாயந்தான். ஆனா மலைக்காத்துக்குக் குமுளி பஸ் டிக்கெட்டே போதும். அஞ்சு ஏக்கர் கிரயமும் பேங்க் கடனும் எதுக்குன்னுதான் யோசிக்கிறேன்.

மொதல்ல நல்ல சேதியச் சொல்லிர்றேன். தண்ணி விசயத்துல உங்களுக்கும் இந்த மண்ணுக்கும் பழைய ஒட்டு உண்டு. தேக்கடியில பெரியாத்தைத் தடுத்து, மலையக் குடைஞ்சு, 1895ல இந்தப் பக்கம் திருப்பி விட்டாரு பென்னிகுயிக். அதுக்குத் திருவாங்கூர் சமஸ்தானத்தோட 1886ல போட்ட குத்தகை 999 வருசத்துக்கு. இங்கிட்டுத் திரும்பாம மேக்க போற பெரியாத்தத்தான் ஆலுவாயில இறைச்சு உங்க எர்ணாகுளத்துக் குழாயில விடுறாக. ஆகக்கூடி தேவராவுல நீங்க பல் விளக்குறதும் சுருளிப்பட்டியில கொடி குடிக்கிறதும் ஒரே ஆறு. அணை ஒடையுமோங்குற பயம் எங்களுக்கு, தண்ணி உங்களுக்கான்னு உங்க ஊர்க்காரக கேப்பாக. அந்த வழக்கைக் கோர்ட்டு பாத்துக்கிரட்டும். மாமன் மாப்ளைக்குள்ள அணைப் பேச்சு வேணாம். பொங்கச் சீர் நின்னு போகும்.

இப்பக் கொடிக்கு வருவோம். இங்க காய்க்கிறது பன்னீர்த் திராட்சை. சீமையில அதை மஸ்கட் ஹாம்பர்க்குங்குறாக. 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டாந்ததாச் சொல்லுவாக. இன்னைக்குத் தமிழ்நாட்டுத் திராட்சைப் பரப்புல நூத்துக்கு 85 பங்கு இந்த ரகந்தான். 2023ல கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்களுக்கு ஒரே பெருமை. வியாபாரிக்கும் பெருமைதான், பெருமைப்பட்டுக்கிட்டே பழைய விலையக் கேட்டாரு.

மத்த ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. நாசிக்ல ஏப்ரல்ல ஒரு கவாத்து, அக்டோபர்ல ஒரு கவாத்துன்னு வருசத்துக்கு ரெண்டு தரம் வெட்டுவாக, பழம் ஒருதரந்தான் எடுப்பாக. இங்க கவாத்து வெட்டி 120 நாள் போல ஆச்சுன்னா பழம். ரெண்டு வருசத்துல அஞ்சு வெள்ளாமை எடுத்துருவோம். ராயப்பன்பட்டியில அறுப்பு முடிஞ்சா ஆனைமலையன்பட்டியில பிஞ்சு, காமயகவுண்டன்பட்டியில பூ. எந்த மாசம் வந்தாலும் ஏதாவது ஒரு பந்தல்ல பழம் தொங்கும். உங்க திட்டத்துல இதை ஒருவரி கூட எழுதல. கையில உள்ள ஒரே துருப்புச் சீட்டை மேசைக்கு அடியில போட்டுட்டு, இல்லாத சீட்டை எல்லாம் விசிறிக் காமிச்சிருக்கீக.

வருசத்துக்கு ரெண்டரை வெள்ளாமைன்னா ரெண்டரை மடங்கு வேலைன்னும் அர்த்தம். கவாத்து வெட்டணும், இலை உரிக்கணும், துளிரைக் கம்பியில பாத்துப் பாத்துக் கட்டணும், பக்கக் கிளையக் கிள்ளணும், காத்து நுழையுற மாதிரிக் கொத்தைத் திருத்தணும். பந்தல் ஆள் ஒசரம். நாளெல்லாம் கழுத்தை அண்ணாந்தே வச்சிருக்கணும். நீங்க கழுத்தைக் குனிஞ்சு கம்ப்யூட்டர் பாத்தே டாக்டர்கிட்டப் போறவுக. ஒருவேளை ரெண்டும் சேந்து சரியாப் போனாலும் போகும், சொல்ல முடியாது.

அடுத்து 'இயற்கை'. நீங்க எங்க இயற்கைன்னு எழுதியிருக்கீகளோ அங்கல்லாம் ஒரு பச்சை இலைப் படம் போட்டிருக்கீக. அந்த இலைய நல்லாத் திருப்பிப் பாருங்க மாப்ளே, அடியில வெள்ளையாப் பூத்திருக்கும். அது அடிச்சாம்பல் நோய். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில ரெண்டு நாள் வெயில் காங்கலைன்னா போதும், தோட்டம் முழுக்கப் பரவிரும். அது போனா மேச்சாம்பல், அதுவும் போனா பறவைக்கண் நோய். பஞ்சகவ்யம் கொடிக்குத் தெம்பு குடுக்கும். மீன் அமிலமும் குடுக்கும். தேவரா மீன் மார்க்கெட்டுல கழிவை வாங்கி நீங்களே வெல்லம் போட்டு ஊறவைக்கலாம், அந்த வாடைக்கு ரெசிடென்ட்ஸ் அசோசியேசன்ல இருந்து உங்களுக்கு ஊர் மாத்திக்கச் சொல்லி வழியனுப்பு விழாவும் நடக்கும். ஆனா அடைமழைச் சாம்பலுக்கு அது மட்டும் பத்தாது.

அப்ப இயற்கைக்காரக என்ன செய்றாக? நம்ம தாத்தன் காலத்துப் போர்டோ கலவையத்தான் அடிக்கிறாக. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணியில ஊத்தணும், மாத்தி ஊத்தக் கூடாது. அரிவாளை முக்கி எடுத்தா செம்பு படியக் கூடாது. படிஞ்சா இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு. இந்த மருந்து பிறந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். பிரான்சு தேசத்துல போர்டோ பக்கத்துச் சம்சாரிங்க, ரோட்டோரக் கொடியில போறவன் வர்றவன் பழத்தைப் பறிக்கிறான்னு துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிச்சு விட்டாக, விசம்னு நெனைச்சு விலகிப் போகட்டும்னு. நோய் வந்த வருசம் பாத்தா ரோட்டோரக் கொடி மட்டும் பச்சையா நிக்குது. அதைக் கவனிச்ச மில்லார்டேங்குற வாத்தியாரு 1885ல ஊருக்குச் சொன்னாரு. திருட்டுப் பயலுக்கு அடிச்சது நோய்க்குக் கேட்டுச்சு. அந்தச் செம்பை இயற்கை விவசாயச் சட்டமும் அளவோட ஒத்துக்கிருது. ஐரோப்பாவுல ஹெக்டேருக்கு 7 வருசத்துல 28 கிலோ செம்புக்கு மேல போகக் கூடாதுங்குறாக. ஆக, இயற்கைன்னா மருந்தே அடிக்காம மரத்தடியில உக்காந்து பாட்டுக் கேக்குறதுன்னு விருந்தாளிகிட்டச் சொல்லிராதீக. நீல நிறத்துல நனைஞ்சு நிக்கிற இலையப் பாத்து அவுக கேள்வி கேப்பாக.

சான்றிதழுக்கும் ஒரு கணக்கு இருக்கு. திராட்சை பல வருசப் பயிர். பழைய ரசாயனத் தோட்டத்தை வாங்குனீகன்னா, அபெடா நடத்துற தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்துல மாறுதல் காலம் மட்டும் 3 வருசம். அந்த 3 வருசமும் செலவு இயற்கைக்கு, விலை ரசாயனத்துக்கு. தமிழ்நாட்டு அங்ககச் சான்றுத் துறை கோயமுத்தூர்ல இருக்கு, போய் வரலாம். வெளிநாட்டுக்கு அனுப்பலைன்னா பிஜிஎஸ்னு இன்னொரு வழியும் உண்டு. குறைஞ்சது 5 விவசாயிங்க குழுவாச் சேந்து, ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் சோதிச்சுச் சான்று குடுக்கணும். இந்த ஊர்ல அஞ்சு சம்சாரி ஒத்துமையா ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடுறது ஊர்த் திருவிழா வரவு செலவுலயே நடக்கல. நீங்க வந்து நடத்திக் காட்டுங்க, மாலை போடுறோம்.

பக்கத்துக் காட்டையும் மறந்துராதீக. அவரு மருந்தடிக்கிற அன்னைக்குக் குமுளிக் கணவாய்க் காத்து அவரைக் கேட்டுக்கிட்டா வீசும்? வரப்போரம் இடைவெளி விட்டு வேலிப் பயிர் வைக்கணும்னு விதியே இருக்கு. அஞ்சு ஏக்கர்ல வேலிக்கு விட்டது போக மிச்சம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டீகளா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு தோட்டம் மட்டும் மூணு பக்கம் ஓடையும் மரமுமா இருக்கு, காத்தும் வராது, மருந்தும் வராது. அது கிடக்கட்டும். பேச்சோட பேச்சாச் சொன்னேன்.

இப்ப ஒயினு. பன்னீர்த் திராட்சை திங்கத் தித்திக்கும், மணக்கும். ஆனா ஒயின்காரன் அளவுகோல்ல நூத்துக்கு 22, 24 இனிப்பு கேப்பான். சந்தைக்குப் பறிக்கிற பன்னீர்ப் பழம் 16, 17ல நிக்கும். லிட்டருக்கு 17 கிராம் போல சர்க்கரை கரைஞ்சாத்தான் ஒரு சதவீதம் போதை ஏறும். அப்ப இந்தப் பழத்துல 9, 10க்கு மேல எழும்பாது. உங்க ஊர்ச் சேச்சிமாரு இந்தக் கணக்கெல்லாம் போடாமலே விடை கண்டுபிடிச்சவுக. கிறிஸ்துமசுக்குப் பரணியில பழத்தைப் போட்டு, கூடவே சர்க்கரையக் கொட்டி, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு, வாயைத் துணியால கட்டி மூலையில வச்சிருவாக. கேக்கோட குடிக்க அது அமிர்தம். அதையே பாட்டில்ல அடைச்சு 'கம்பம் மண்ணின் சாரம்'னு லேபிள் ஒட்டுனா, ஒயின் படிச்சவன் ஒருவாய் குடிச்சுட்டு உங்க மூஞ்சியப் பாப்பான்.

வெக்கையும் இருக்கு. ஒயின் நொதிக்கிறப்போ தானாச் சூடேறும். வெள்ளை ஒயினை 15 டிகிரி பக்கம் குளுமையா வச்சாத்தான் மணம் நிக்கும். செவப்புக்கும் 30 தாண்டக் கூடாது. தேனி மாவட்டத்துச் சித்திரை வெயில்ல எங்க மண்டையே 30ல நிக்க மாட்டேங்குது. அப்ப குளிரூட்டுற எஃகுத் தொட்டி வேணும், கரண்ட் போனா ஜெனரேட்டர் வேணும். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல பழம் போகும். கெடாம இருக்கக் கந்தகம் கொஞ்சம் சேக்கணும். ஐரோப்பா 2012ல போட்ட இயற்கை ஒயின் சட்டமே செவப்புக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரைக்கும் விடுது. அமெரிக்காவுல சேத்தா இயற்கை ஒயின்னு எழுதவே கூடாதுங்குறாக. எந்த நாட்டு இயற்கைன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

இதையெல்லாம் தாண்டிட்டீகன்னே வச்சுக்குவோம். பாட்டில் ரெடி. யாருக்கு விப்பீக? இங்கதான் மாப்ளே, நான் நையாண்டி பண்ண ஒண்ணுமில்லாமப் போகுது, அரசாங்கமே பண்ணி வச்சிருச்சு. தமிழ்நாட்டுல மது விக்கிறதுக்கு உள்ள சட்டத்தோட பேரு 1937ம் வருசத்து மதுவிலக்குச் சட்டம். ராஜாஜி சேலத்துல தொடங்குனது. விக்கிறதைப் பாத்துக்கிற துறைக்குப் பேரு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 1983ல வந்த டாஸ்மாக்குக்கு மொத்த வியாபாரம், 2003 கடைசியில இருந்து சில்லறையும் அதுக்குத்தான். நீங்க உரிமம் வாங்கி ஒயின் செஞ்சாலும் அவுக வழியாத்தான் கடைக்குப் போகணும். நம்ம ஊர்ல ஒயின்ஷாப்புன்னு சொல்ற கடையில போயி ஒயின் கேட்டீகன்னா ஆளை ஏற இறங்கப் பாப்பாக, வீட்டுல ஏதும் விசேசமான்னு.

சரி, தோட்டத்துலயே விருந்தாளிக்கு ஒரு கிளாஸ் ஊத்துறேம்பீக. தங்குற இடத்துல மது பரிமாற நட்சத்திர ஓட்டல்காரங்க வாங்குற எப்எல்3 உரிமம் வேணும். ஆறு ரூம் வீட்டுக்கு எந்த நட்சத்திரம் வரும்? ராத்திரி வானத்துல தெரியுறதுதான். அப்ப மலை ஏத்திக் கொச்சியில விக்கலாம்னா, குமுளி செக்போஸ்ட்டுல கேரள அப்காரிச் சட்டம் நிக்குது. உரிமம் இல்லாம மது செஞ்சா, கடத்துனா 10 வருசம் வரைக்கும் உள்ள வைக்கலாம்னு அதுல இருக்கு. வீட்டுல ஒயின் ஊறவைக்கிற சேச்சிமாரையே கிறிஸ்துமஸ் நேரத்துல எக்சைஸ்காரங்க எச்சரிச்சிருக்காக. கேரளத்துல 2022ல சின்ன ஒயின் ஆலைக்குன்னு நல்ல விதி ஒண்ணு போட்டிருக்காக, நெசந்தான். ஆனா அது கேரளத்துல விளைஞ்ச பழத்துக்கு. அன்னாசி, வாழை, முந்திரிப் பழம்னா தாராளம். கம்பத்துப் பழம் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்துட்ட குத்தத்துக்கு அதுல இடமில்ல. தண்ணி மட்டும் அங்கிட்டு இருந்து வரலாம், திராட்சை அங்கிட்டுப் போயி ஒயினாகக் கூடாது.

உங்க ஊர்லயே வம்பில்லாம ஒயின் செஞ்சவுக இருந்தாக. மட்டாஞ்சேரி யூதத் தெருவுல 1568ல கட்டுன பரதேசி ஜெபாலயம் இருக்கே, அந்தத் தெருக் குடும்பங்க உலர்ந்த திராட்சைய ஊறவச்சுத் தங்களோட சாமி காரியத்துக்கு வேண்டிய ஒயினை வீட்டுலயே செஞ்சுக்கிட்டாக. தோட்டம் வாங்கல, ரூம் கட்டல, கடன் எடுக்கல. அளவாச் செஞ்சாக, சாமிக்கு வச்சாக. குடும்பம் நடத்துற ஒயின்னா எனக்குத் தெரிஞ்சு அதுதான்.

நாசிக்ல ஜெயிச்சாகளேம்பீக. ஜெயிச்சாக. ராஜீவ் சமந்துன்னு ஒருத்தரு அமெரிக்காவுல ஆரக்கிள் வேலைய விட்டுட்டு வந்து, நாசிக் பக்கம் குடும்ப நிலத்துல கொடி வச்சு, 2000ல சுலான்னு மொதப் பாட்டிலைக் கொண்டு வந்தாரு. மறுவருசமே மகாராஷ்டிர அரசு ஒயினுக்குன்னு தனிக் கொள்கை போட்டு வரியத் தளர்த்துச்சு. பெறகுதான் தோட்டத்துக்குள்ள ருசி பாக்குற கூடம், தங்குற விடுதி. பக்கத்துல மும்பைப் பட்டணம், சனிக்கிழமை சனிக்கிழமை வண்டி வண்டியா ஆளு. 2022ல பங்குச் சந்தைக்கே போயிருச்சு. பெங்களூருக்குப் பக்கத்துல நந்தி மலை அடியில கன்வல் குரோவர் 1988ல கம்பெனி தொடங்கி 1992லதான் மொத ஒயினைக் கண்டாரு. இதே மகாராஷ்டிரத்துல நாராயண்காவ்ல இண்டேஜ்னு ஒரு கம்பெனி, 1980கள்லயே நுரைக்கிற ஒயின் செஞ்சு 'ஓமர் கய்யாம்'னு சீமைக்கு அனுப்புச்சு. 2008 மந்தத்துக்கு அப்புறம் கடன்ல முழுகிப் போச்சு. ஒயினை நம்பிக் கொடி வச்ச சம்சாரிங்க பல பேரு அந்தக் கொடியப் பிடுங்கிப் போட்டாக. நீங்க திட்டத்துல சுலா படத்தைப் போட்டிருக்கீக, இண்டேஜ் படத்தைப் போடல. கல்யாணப் பத்திரிகையில யாரும் வக்கீல் நம்பரைப் போடுறதில்லதான்.

ரூம் விசயம் மட்டும் உங்களுக்குத் தோதா இருக்கு, அதைச் சொல்லாம மறைச்சா எனக்குத் தூக்கம் வராது. கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் ரோட்டோரத் தோட்டங்கள்ல இப்பவே கேரளா வண்டிங்க நிக்குது. பந்தலுக்கு அடியில குடும்பத்தோட படம் எடுக்குறாக, ஜூஸ் குடிக்கிறாக, ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போறாக. தேக்கடி பாத்துட்டு இறங்குறவுக, சுருளி அருவிக்குப் போறவுக, எல்லாருக்கும் இந்த வழிதான். வருசம் பூரா பழம் தொங்குற ஊரு. கார்த்திகை, மார்கழியில சபரிமலைக்குப் போற சாமிமாரும் இந்தப் பக்கந்தான் வருவாக. அவுககிட்ட ஒயின்னு மட்டும் பேச்செடுத்துராதீக. கட்டாந்தரையும் சுடுதண்ணியும் குடுத்தா வாழ்த்திட்டுப் போவாக.

ஆனா ரூமுக்கும் ஒரு விதி இருக்கு, அதுதான் என் மொதக் கேள்வி. மத்திய சுற்றுலா அமைச்சகத்து வீட்டுத் தங்கல் விதிப்படி ஆறு ரூம் வரைக்கும் விடலாம். ஆனா வீட்டுக்காரக அந்த வீட்டுல குடியிருக்கணும். தேவராவுல உக்காந்து கேமராவுல பாத்துக்கிறேன்னா அதுக்குப் பேரு வேற. அப்ப குடியிருக்கப் போறது யாரு? நீங்க திங்கள் கெழமை வேலைக்குத் திரும்பிருவீக. உங்க பசங்களுக்குப் பள்ளிக்கூடம். மிச்சம் யாருன்னு பாத்தா, ஒண்ணு என் மக, ரெண்டு நான்.

இப்பத்தான் உங்க திட்டம் எனக்கு முழுசா வெளங்குச்சு. காலையில பன்னண்டு பேருக்கு அப்பமும் முட்டைக் கறியும் போடுற 'குடும்பம்' என் மக. விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பு மாத்துற 'குடும்பம்' என் மக. விடிகாலையில மருந்து கலக்குற, மைனா விரட்டுற, தண்ணி மாத்தி விடுற 'குடும்பம்' நான். சாயங்காலம் அந்தக் கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு மலையப் பாக்குற படத்துல இருக்குற குடும்பம் மட்டும் நீங்க. ரொம்ப நல்லாப் பிரிச்சிருக்கீக மாப்ளே. எங்க அக்கா பாகம் பிரிச்சப்பக் கூட இம்புட்டு நேக்கு இல்ல.

கோவிச்சுக்காதீக. பெரிய மனுசன் வெறும் குறை மட்டும் சொல்லிட்டுப் போகக் கூடாது, வழியும் சொல்லணும். திட்டத்தைத் தலைகீழாத் திருப்புங்க. நீங்க மேல ஒயினு, அதுக்கு அடியில ரூமு, கடைசியில திராட்சைன்னு எழுதியிருக்கீக. கொடிக்கு வேரு கீழ இருக்குறதை மறந்துட்டீக. மொத 3 வருசம் எப்படியும் சான்றிதழுக்குக் காத்திருக்கணும்ல? அந்த 3 வருசமும் திராட்சைய மட்டும் பாருங்க. ஒவ்வொரு கவாத்துக்கும் நீங்களே கத்தரி பிடிங்க. பழத்தை வியாபாரிகிட்டப் போட்டு அவரு சொல்ற விலையக் கேட்டு ஒருதரம் அழுங்க. அந்த அழுகை வராதவனுக்குத் தோட்டத்துல பாத்தியதை கிடையாது. ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல போயிக் கையக் கட்டிக்கிட்டுப் பாடம் கேளுங்க. நாலாவது வருசம் ரோட்டைப் பாத்து ஒரு ஜூஸ் கடை. அது ஓடுனா ரெண்டே ரெண்டு ரூம், ஆறு வேணாம். ரூமு வரும்படி கொடியோட செலவைத் தாங்குதான்னு நாலு வெள்ளாமை பாருங்க. தாங்குச்சுன்னா அப்பறம் ஒயின் உரிமத்துக்கு மனுப் போடுங்க. அந்த மனு நகர்ந்து முடியுறதுக்குள்ள உங்க மகன் காலேஜ் முடிச்சு வந்துருவான். அப்ப நெசமாவே குடும்பம் நடத்துற ஒயினாயிரும்.

அஞ்சு ஏக்கர் கிரயமும் வேணாம். மூணு பக்கம் ஓடையும் மரமும் உள்ள தோட்டம்னு ஒருத்தரைச் சொன்னேன்ல, அந்த ஒருத்தரு நாந்தான். ஒண்ணரை ஏக்கர், கல்லுத்தூண் பந்தல், கெணத்துல தண்ணி இருக்கு. குத்தகைக்குத் தர்றேன். வெளியாளுக்கு எழுதுற வாடகையில உங்களுக்குக் கொறைச்சுத் தர்றது மாமனுக்கு அழகு. கொறைக்காம வாங்குறது மருமகனுக்கு அழகு. உங்க அழகைக் கெடுக்க எனக்கு மனசில்ல. பத்திரம் என் மக பேர்ல இருக்கும். நீங்க அதுல சாட்சிக் கையெழுத்து. விருந்தாளி வந்தா அப்பம் நீங்க ஊத்தணும், தேவராவுல இருந்துக்கிட்டு அப்பம் வராதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். கவாத்து அன்னைக்கு லீவு கிடைக்கலைன்னா அந்த நாள் கூலி உங்க கணக்கு. கொசுவலை நீங்களே கொண்டாந்துரணும், உங்க ஊர்லதான் நல்ல வலையா விக்கிது.

சம்மதம்னா அட்வான்ஸை ஆனிக்குள்ள அனுப்பிச்சிருங்க. ஆடியில நாங்க பத்திரம் போட மாட்டோம். ஆவணிக்குள்ள வேற மாப்ளே எவனாவது வாட்ஸப்புல திட்டத்தோட வந்துட்டா என்னையக் கேக்கக் கூடாது.